எடின்பரோவில் ஏழு நாள்

ஸ்காட்லாந்தின் தலைநகரமாகிய எடின்பரோவைப் பார்க்க ஒரு வாரம் வேண்டுமா என்று கேட்பவர் உண்டு. லண்டனிலிருந்து வரும் பிரயாணிகளில் பலர் இரண்டே நாளில் கோட்டையையும் அரண்மனையையும் கண்டுவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். நாம் ஏழு நாள் தங்கினோம். துணைக்கு எவரும் இல்லை. தனியாகச் செல்வதில் ஒரு வசதி உண்டு, ஒரு சந்துக்குள் நுழைந்து அரைமணி நேரம் நின்றாலும், "இன்னும் என்ன பார்க்கிறீர்கள்?" என்று கேட்பார் இல்லை. எடின்பரோவோ சந்துகளால் ஆகிய ஊர்.

ஊரின் அமைப்பை முதலில் சொல்லிவிட வேண்டும். செங்குத்தான ஒரு கரும்பாறை. அதன் உச்சியில் கோட்டை. ஏறத்தாழ 35 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலை ஒன்றின் வாயில் உறைந்துபோன குழம்பே இந்தப் பாறை. பிற்காலத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி நகர்ந்த பெரும் பனிப்பாளம் இக்கடினப் பாறையைத் தேய்க்க மாட்டாமல் இருபுறமும் பிரிந்து சென்றது. பாறையின் மறைவில் தப்பிய நிலம் ஒரு வால்போலக் கிழக்கே சரிந்து நின்றது. அந்த வாலின் முதுகின்மேல் அமைந்ததே பழைய ஊர். மேலே கோட்டை, கீழே ஹோலிரூட் அரண்மனை, இடையே ஒரே நெடுந்தெரு. அதற்கு 'ராயல் மைல்' என்று பெயர்; அரச வீதி எனலாம். அதன் இருபுறமும் குறுகிய சந்துகள் சரிவில் இறங்குகின்றன. சில சந்துகளில் எதிரே ஒருவர் வந்தால் நாம் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும்.

கோட்டையைப் பற்றி நீட்டிச் சொல்ல விரும்பவில்லை. 12ஆம் நூற்றாண்டில் கட்டிய சிறு ஜெபக்கூடம் ஒன்று அங்கே இருக்கிறது. நகரத்திலேயே மிகப் பழைய கட்டடம் அதுதான். 1128இல் டேவிட் மன்னர் வீதியின் மறுகோடியில் ஹோலிரூட் மடாலயத்தை நிறுவினார். அதை ஒட்டிப் பின்னர் எழுந்த அரண்மனையில், 1566 மார்ச் மாதத்தில், மேரி அரசியின் கண்ணெதிரிலேயே அவளுடைய செயலாளனைப் பற்றி இழுத்துச் சென்று குத்திக் கொன்றார்கள். அதே ஆண்டு ஜூன் மாதம் கோட்டையில் அவளுக்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. வழிகாட்டிகள் இவற்றை மிக விரிவாகச் சொல்லுகிறார்கள். அந்தக் குழந்தை வளர்ந்து என்ன செய்தது என்பதே நம் சிந்தையில் நின்றது. ஸ்காட்லாந்தின் ஆறாம் ஜேம்ஸாகிய அவன், 1603இல் இங்கிலாந்துக்கும் மன்னனாகி லண்டன் சென்றான். மூன்றாண்டுக்கு ஒருமுறை வருவேன் என்று குடிகளிடம் வாக்களித்துச் சென்றவன், 22 ஆண்டில் ஒரே ஒருமுறைதான் வந்தான், அது 1617இல். பின்னர் 1707இல் இரு நாடுகளும் இணைந்தபோது பாராளுமன்றமும் லண்டன் போய்விட்டது. எடின்பரோவின் சரித்திரத்தை, அதை விட்டுச் சென்றவர்களின் சரித்திரமாகவே படிக்கலாம்.

மூன்றாவதாக நிகழ்ந்த வெளியேற்றம் ஊருக்குள்ளேயே நிகழ்ந்தது. அதன் அடையாளங்களைத் தேடித்தான் நமது நாட்களில் பெரும்பகுதி கழிந்தது.

பழைய ஊரில் இடம் குறைவு. மதிலுக்குள் நெருங்கி வாழ்ந்த மக்கள் வீடுகளை மேல்நோக்கிக் கட்டினார்கள். தெருப்பக்கம் ஆறு மாடி, சரிவான பின்புறம் பத்து மாடி என்று கல்வீடுகள் உயர்ந்தன. மும்பையில் 'சால்' எனப்படும் குடியிருப்புகளில் வாழ்ந்த நேயர்களுக்கு இத்தகைய நெருக்கம் புதிதன்று. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. எடின்பரோவில் ஒரே படிக்கட்டில் எல்லா வகுப்பாரும் ஏறி இறங்கினர். தரைத்தளத்தில் கடைக்காரர், நடுமாடிகளில் பிரபுவும் நீதிபதியும், உச்சிமாடியில் தையற்காரரும் கூலிவேலை செய்பவரும். கிணற்று நீரைக் கூலியாட்கள் முதுகில் சுமந்து மாடிமாடியாக ஏற்றினார்கள். இரவு பத்து மணிக்கு மணி ஒலித்ததும், பகலெல்லாம் சேர்ந்த கழிவைச் சன்னல் வழியே கவிழ்ப்பது வழக்கம். "கார்டி லூ!" என்று மேலிருந்து குரல் வரும். தண்ணீர் வருகிறது, விலகுங்கள் என்ற பொருளில் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த சொல் அது என்பர். கீழே நடப்பவன் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். நீதிபதிக்கும் கூலிக்காரனுக்கும் இதில் வேற்றுமை இல்லை.

1751இல் நெடுந்தெருவில் ஆறு மாடிக் கட்டடம் ஒன்றின் சுவர் திடீரெனச் சரிந்து விழுந்தது. நகரத் தலைவராகப் பலமுறை பதவி வகித்த ஜார்ஜ் டிரம்மண்டும் அவருடைய கூட்டத்தாரும் இதையே காரணமாகக் காட்டி, 1752இல் ஊரை வடக்கே விரிக்கும் திட்டத்தை வெளியிட்டனர். வடக்கே பள்ளத்தில் ஓர் ஏரி. ஊரின் சாக்கடையெல்லாம் அதில்தான் கலந்தது. 1759இல் அந்த ஏரியை வடிக்கத் தொடங்கினர். 1763இல் பள்ளத்தின் குறுக்கே பாலத்துக்கு அடிக்கல் நாட்டினர். பாலத்தின் ஒரு பகுதி 1769இல் இடிந்து ஐவரைக் கொன்றது. செப்பனிட்டு 1772இல் திறந்தார்கள். அதற்கிடையில் ஜேம்ஸ் கிரெய்க் என்னும் இளைஞர் வரைந்த நகரத் திட்டம் 1767இல் ஏற்கப்பட்டது.

அத்திட்டம் மிக எளியது. நடுவில் அகன்ற ஒரு வீதி; அதன் இரு கோடியிலும் சதுக்கம்; இருபுறமும் இணையாக இரண்டு வீதிகள். அந்த இரண்டு வீதிகளிலும் ஒரு பக்கம் மட்டுமே வீடுகள். தெற்கு வீதியார் கோட்டையைப் பார்க்கலாம். வடக்கு வீதியார் கடற்கழியைப் பார்க்கலாம். எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்தே வாழ்ந்தவர்களுக்கு இது எத்தகைய விடுதலை! அஸ்திவாரங்களுக்குத் தோண்டிய மண்ணை ஏரிப்பள்ளத்திலேயே கொட்டினார்கள். சுமார் 15 லட்சம் வண்டி மண் என்று கணக்குச் சொல்லுகிறார்கள். அந்த மண்மேடு இன்று ஊரின் இரு பாதிகளையும் இணைக்கும் சாலை.

புதிய ஊர் எழுந்ததும் வசதி படைத்தோர் பாலத்தைக் கடந்தனர். அவருள் ஒருவர் தத்துவ ஞானி டேவிட் ஹியூம். பழைய ஊரில் ஜேம்ஸ் கோர்ட் என்னும் முற்றத்தைச் சூழ்ந்த உயர்ந்த மாடிவீட்டில் குடியிருந்த அவர், 1771இல் புதிய ஊருக்குப் போனார். மத நம்பிக்கையற்றவர் என்று பெயர் வாங்கிய அவருடைய வீட்டுச் சுவரில், 'புனித டேவிட் தெரு' என்று யாரோ குறும்புக்காக எழுதிவிட்டார்களாம். வேலைக்காரி சினந்தாள். "என்னைவிட நல்லவர்களையும் இப்படிப் புனிதர்களாக்கி இருக்கிறார்கள்" என்று ஹியூம் சிரித்தாராம். கதை எப்படியாயினும், தெருவுக்கு இன்றும் அந்தப் பெயரே வழங்குகிறது.

நம் மூன்றாம் நாளும் நான்காம் நாளும் புதிய ஊரில் கழிந்தன. அழகான வீதிகள், அளவு தவறாத சன்னல்கள், ராபர்ட் ஆடம் 1791இல் வரைந்த சார்லட் சதுக்கத்துக்கு ஈடாக ஐரோப்பாவில் வேறு சதுக்கங்கள் சிலவே இருக்கும். எனினும் அங்கே நடக்கும்போது, பாலத்துக்கு அப்பால் என்ன ஆயிற்று என்ற கேள்வி நம்மை விடவில்லை.

ஆனது இதுதான். பிரபு வாழ்ந்த கூடத்தைப் பலகை வைத்துத் தடுத்து, ஐந்தாறு குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். மேல்நாட்டு மலைப்பகுதியிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் அங்கே நிறைந்தனர். சுவர்களைப் பழுது பார்க்க யாரும் இல்லை. 1861 நவம்பர் 24ஆம் நாள் நள்ளிரவு கடந்த வேளையில், நெடுந்தெருவில் ஒரு கட்டடம் முழுவதும் நொறுங்கி விழுந்தது. 35 பேர் மாண்டனர். இடிபாட்டைத் தோண்டியவர்கள் இனி உயிரோடு எவரும் இல்லை என்று கைவிடும் நேரத்தில், உள்ளிருந்து ஒரு சிறுவனின் குரல், "தோண்டுங்கள், நான் இன்னும் சாகவில்லை" என்று கேட்டதாம். அந்தச் சந்தின் வாயிலுக்கு மேலே அவன் முகத்தையும் அவன் சொல்லையும் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். நாம் தினமும் அந்த வழியே போனோம். தினமும் அண்ணாந்து பார்த்தோம்.

அடுத்த ஆண்டே நகரத்துக்கு முதல் சுகாதார அதிகாரியாக ஹென்றி லிட்டில்ஜான் என்னும் மருத்துவர் நியமனமானார். 1865இல் அவர் வெளியிட்ட அறிக்கை, எந்தச் சந்தில் எத்தனை பேர் வாழ்கின்றனர், எத்தனை பேர் சாகின்றனர் என்று எண்ணிக் காட்டியது. 1867இல் சட்டம் வந்தது. பழைய சந்துகளை இடித்து அகன்ற சாலைகளை வெட்டினார்கள். நோய் குறைந்தது, உண்மைதான். ஆனால் இடித்த வீடுகளில் இருந்த ஏழைகள், இடிக்காத அடுத்த சந்தில் போய் இன்னும் நெருங்கினர்.

இவ்விடத்தில்தான் நமக்கு உறவான ஒருவர் கதைக்குள் வருகிறார். பேட்ரிக் கெடிஸ் உயிரியல் படித்தவர். மெக்சிகோவில் நேர்ந்த கண்நோயால் நுண்ணோக்கி ஆராய்ச்சியைத் தொடர முடியாமற் போயிற்று. செடிகொடிகளைப் பார்த்த கண்ணால் ஊர்களைப் பார்க்கத் தொடங்கினார். 1886இல் மணம் முடித்ததும், மனைவி அன்னாவோடு புதிய ஊரிலிருந்து பாலத்தைக் கடந்து பழைய ஊருக்குக் குடிபோனார். போன இடம் அதே ஜேம்ஸ் கோர்ட்! ஹியூம் விட்டுச் சென்ற முற்றத்துக்கு, நூறாண்டுக்குமேல் கழித்து ஓர் ஆசிரியர் தாமாகத் திரும்பி வந்தார். அண்டை வீட்டாரோடு சேர்ந்து சுவருக்கு வண்ணம் பூசினார். சன்னல்களில் பூச்செடி வைத்தார். தேறாத வீட்டை மட்டும் எடுத்துவிட்டு, அவ்வழியே வெயிலும் காற்றும் மற்ற வீடுகளுக்குள் புகச் செய்தார். உயிரைக் காக்கும் அளவுக்கே கத்தி வைக்கும் வைத்தியனின் முறை இது.

கோட்டைக்கு அருகே அவர் 1892இல் கைக்கொண்ட கோபுரம் ஒன்று நிற்கிறது. உச்சியில் ஒரு கண்ணாடி. அது ஊரின் உருவத்தை, நடமாடும் மனிதர் உட்பட, கீழே ஒரு வெள்ளை மேசையின்மீது விழச் செய்கிறது. கெடிஸ் காலத்தில் அதற்கு அடுத்த தளத்தில் எடின்பரோ, அதன்கீழ் ஸ்காட்லாந்து, பின் ஆங்கிலம் பேசும் நாடுகள், ஐரோப்பா, தரைத்தளத்தில் உலகம் என்று காட்சிகளை அடுக்கியிருந்தார். இன்று அது வேடிக்கைக் கண்ணாடிகள் நிறைந்த காட்சிச்சாலை. குழந்தைகள் கூட்டம் தாங்கவில்லை. ஆயினும் மேசைமேல் ஊர் அசையும் அந்தக் காட்சிக்காக மணிக்கணக்கில் வரிசையில் நிற்கலாம்.

சென்னை கவர்னராக இருந்த பென்ட்லண்ட் பிரபுவும் ஸ்காட்லாந்துக்காரர். அவர் அழைப்பின்பேரில் கெடிஸ் 1914இல் தம் நகரக் கண்காட்சியைச் சென்னைக்கு அனுப்பினார். அதை ஏற்றிய 'கிளான் கிராண்ட்' என்னும் கப்பலை அக்டோபர் மாதத்தில் ஜெர்மானியப் போர்க்கப்பல் ஒன்று மூழ்கடித்தது. அக்கப்பலின் பெயரை நேயர்கள் அறிவார்கள். செப்டம்பர் 22ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசி, தமிழில் ஒரு புதுச் சொல்லாகவே நிலைத்துவிட்ட 'எம்டன்' அதுதான். கெடிஸ் வேறு கப்பலில் வந்ததால் பிழைத்தார். நண்பர்கள் புதிதாகப் படங்களும் வரைபடங்களும் திரட்டி அனுப்ப, 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சி நடந்தது.

பின்னர் அவர் தஞ்சாவூர், மதுரை முதலிய ஊர்களைத் தெருத்தெருவாக நடந்து பார்த்து அறிக்கை எழுதினார். தஞ்சைக் கோட்டைக்குள் நெருங்கிய வீடுகளை ஊடறுத்து நேர்க்கோட்டில் சாலைகள் போட ஒரு திட்டம் இருந்தது. கெடிஸ் அதை ஏற்கவில்லை. பாழடைந்த மனைகளை மட்டும் வெளியாக்கி, மரமும் கிணறும் கோயிலும் இருந்த இடத்திலேயே இருக்க, சந்துகளை வேண்டிய இடத்தில் மட்டும் அகலமாக்கலாம் என்றார். செலவும் மிகக் குறைவு என்று காட்டினார். ஜேம்ஸ் கோர்ட்டில் கற்ற பாடம் காவிரிக்கரைக்கு வந்த வரலாறு இது. நம் கோயில் நகரங்களின் தேர்வீதிகளை அவர் வியந்து போற்றினார். 1917இல் மூத்த மகன் பிரான்சுப் போர்க்களத்தில் மாண்டான். சில வாரங்களில் மனைவி அன்னாவும் இந்தியாவிலேயே காலமானார். நோயுற்றிருந்த அவருக்கு மகன் இறந்த செய்தியைச் சொல்லவே இல்லை. கெடிஸ் நாடு திரும்பி ஓய்வு கொள்ளவில்லை. இந்தூரில் பிளேக் நோய்க்கு எதிராகத் தீபாவளியன்று பெரும் ஊர்வலம் நடத்தி, வீதிகளைச் சுத்தம் செய்யும் உற்சாகத்தை ஊராருக்கு ஊட்டினார். 1919 முதல் 1924 வரை பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராக இருந்தார். 1932இல் பிரான்சில் மறைந்தார்.

ஊரை விட்டுப் போனவற்றுள் பாராளுமன்றம் திரும்பிவிட்டது. 1999இல் மீண்டும் கூடியது. 2004 முதல் ஹோலிரூட் அரண்மனைக்கு எதிரில் புதிய கட்டடத்தில் இயங்குகிறது. பழைய ஊர், புதிய ஊர் இரண்டும் 1995இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின. இப்போது பழைய ஊர் வேறொரு வகையில் காலியாகிறது. வீட்டுக்காரர்கள் குடியிருப்போருக்கு விடுவதைக் காட்டிலும் நம்மைப் போன்ற பிரயாணிகளுக்கு நாள் வாடகைக்கு விடுவதையே விரும்புகின்றனர். இதைத் தடுக்க, 2022 செப்டம்பர் முதல் வீடு முழுவதையும் அவ்வாறு விடுவதற்கு நகரசபை கட்டுப்பாடு விதித்தது. பிரயாணிகள் தங்கும் வாடகையில் நூற்றுக்கு 5 பங்கு வரி வாங்கவும் 2025 ஜனவரியில் முடிவு செய்தது.

புறப்படுவதற்கு முதல்நாள் மாலை ஜேம்ஸ் கோர்ட்டுக்குள் ஒருமுறை போனோம். படிக்கட்டு வாசல் ஒன்றில் பிரயாணிகளுக்கான சிறு சாவிப் பெட்டிகள் நான்கு தொங்கின. அதே வாசலில் ஒரு குழந்தையின் மூன்று சக்கர வண்டியும் நின்றது.