பிள்ளைவாளும் காலணாவும்

சிற்றாறு தாமிரபரணியில் வந்து சேரும் இடம் சீவலப்பேரி. பழைய பெயர் முக்கூடல். அந்த ஊரை வைத்து சுமார் 300 ஆண்டுகளுக்கு முன்பு எழுந்த, வயல்வேலைக்காரர்களைப் பாடும் பள்ளு நூலான முக்கூடற்பள்ளுக்கு ஆசிரியர் யாரென்று தெரியாது. முக்கூடல் பள்ளி வைணவக்காரி, மருதூர்ப் பள்ளி சைவக்காரி, இருவருக்கும் புருஷன் ஒருவன். சக்களத்திச் சண்டை முற்றியதும் ஒருத்தியின் சாமியை மற்றவள் சந்திக்கு இழுக்கிறாள். திருமாலும் சிவனும் வாங்கும் வசவைக் கேட்டு பக்தர்கள் யாரும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை, ரசித்தார்கள். ஆற்றங்கரையில் சாமியை வைதுகொண்டே கும்பிடும் வழக்கம் அத்தனை பழசு. 1943-ல் ‘கலைமகள்’ இதழ் வெளியிட்ட, எழுத்தாளர் புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையைப் படிக்கும்போது, கடவுளிடம் இப்படி உரிமையாக வாயாடும் குரல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், முதலில் இங்கேதான் தேட வேண்டும். ஆனால் குரலைத் தந்தது மரபு என்பதோடு நிறுத்திக்கொண்டால் பாதிக் கதைதான். மரபில் இல்லாத ஒரு வேலையைப் புதுமைப்பித்தன் செய்தார், அதையும் வாக்கியத்தை அமைத்த விதத்தால்தான் செய்தார்.

கதையின் தொடக்கத்தைப் பாருங்கள். கதாநாயகர் அறிமுகமாகும்போதே ஊர்ப்பெயர், தகப்பனார் பெயர், முதலெழுத்துகள், ‘அவர்கள்’ என்ற மரியாதை எல்லாம் மெய்க்கீர்த்தி கணக்காக அணிவகுத்து வருகின்றன. இவ்வளவு ஆரவாரத்துக்குப் பிறகு அந்தப் பெரிய மனிதர் பிராட்வே முனையில் நின்று செய்துகொண்டிருப்பது காலணாக் கணக்கு. டிராமில் போனால் வெற்றிலைக்குக் காசு மிஞ்சும். பஸ்ஸில் ஏறி, கண்டக்டரை ஏமாற்றி, சென்ட்ரல் தாண்டி டிக்கெட் வாங்கினால் அரைக் கப் காப்பி கிடைக்கும், ஆனால் வெற்றிலை கிடையாது. ஆசிரியர் ஓர் இடத்திலும் சிரிக்கவில்லை, ‘பாவம்’ என்றும் சொல்லவில்லை. பட்டயத்து நடையையும் சில்லறைக் கணக்கையும் இடைவெளியே விடாமல் அடுத்தடுத்து வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். எகத்தாளம் அந்த இணைப்பில் பிறக்கிறது. பிள்ளையின் சொந்த ஊர் மேலகரம், அதாவது குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். இது தற்செயலாகவும் இருக்கலாம், ஆனால் புதுமைப்பித்தன் விஷயத்தில் தற்செயலை நம்ப எனக்கு மனம் வருவதில்லை.

பள்ளிலிருந்து இந்தக் கதை விலகும் இடமும் இந்த எகத்தாளம்தான். பள்ளில் சாமியை வைவது வயலில் நாற்று நடும் பெண்கள், கேட்டுச் சிரிப்பது வரப்பில் நிற்பவர்கள். அந்தச் சிரிப்பில் பாதி அந்தப் பெண்களின் மேலேயே விழுகிறது. பண்ணைக்காரனையும் அது கேலி செய்கிறதே என்று கேட்கலாம். செய்கிறது, ஆனால் உருவத்தைத்தான், அவன் மனசுக்குள் நுழைவதில்லை. புதுமைப்பித்தனோ பிள்ளையின் சட்டைப்பைக்குள்ளும் கௌரவத்துக்குள்ளும் புகுந்து பார்க்கிறார். சிரிக்கிறவரும் சிரிக்கப்படுகிறவரும் ஒரே தெருவில் பிறந்தவர்கள். புதுமைப்பித்தனின் பார்வை சைவ வேளாளப் பார்வைதான் என்று ஆய்வாளர் ராஜ் கௌதமன் போன்றவர்கள் விசாரித்ததுண்டு. அந்த விசாரணை தேவையானது, பல கதைகளுக்குப் பொருந்தவும் செய்யும். ஆனாலும் உள்ளே இருந்து வரும் குரல் என்பதால்தான் பிள்ளைவாளின் பெருமை எந்தத் தையலில் பிரியும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

புதுமைப்பித்தன் பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில், எழுதிப் பிழைத்தது சென்னையில், இதில் நெல்லை எங்கே வந்தது என்பார்கள். குடும்பம் நெல்லை, இந்துக் கல்லூரிப் படிப்பு நெல்லை, 1931-ல் பி.ஏ. முடித்ததும் அங்கேதான். ஊர்ப்பேச்சை உரையாடலுக்குள் மட்டும் அடைத்து வைக்காமல், எதையும் பட்டென்று நம்பிவிடாத அதன் ஏற்ற இறக்கத்தைக் கதைசொல்லியின் வாக்கியத்துக்கே அவர் கொடுத்தார். இன்னொரு தரப்பு, வறுமையும் நோயும் தந்த கசப்புதான் இந்த நடை என்கிறது. அப்படியானால் அதே வறுமையில் மனைவிக்கு எழுதிய, ‘கண்மணி கமலாவுக்கு’ என்று நூலாக வந்த கடிதங்களில் அவ்வளவு குழைவு எப்படி வந்தது? ஒரே மனிதர் ஆளுக்கும் காரியத்துக்கும் ஏற்றபடி குரலை மாற்றுகிறார் என்றால், குணம் என்பதைவிடத் தேர்வு என்பதே பொருந்தும். 1934-ன் ‘பொன்னகரம்’ கதை முடியும் இடத்தில் அவரே நேரில் வந்து கற்பு பேசுகிறவர்களைச் சீண்டுகிறார். புகழ்பெற்ற முடிவு அது, ஆனால் எனக்குக் கொஞ்சம் உரத்துக் கேட்கிறது. 1943-ன் ‘செல்லம்மாள்’ கதை வேறு விதம். ஜவுளிக்கடைச் சிப்பந்தி பிரமநாயகம் பிள்ளையும் காசில்லாத பிள்ளைதான், ஆனால் அவருக்கு மெய்க்கீர்த்தி கிடையாது, எகத்தாளம் கிடையாது. மனைவியின் மூச்சு அடங்கியதை முதலிலேயே சொல்லிவிட்டு, ராத்திரியில் அவர் செய்யும் காரியங்களை ஒன்றன்பின் ஒன்றாக, அடைமொழி இல்லாத வினைச்சொற்களால் ஆசிரியர் சொல்லிக்கொண்டே போகிறார்.