அபூ குபைஸ் மலையில் எழுந்த குரல்

அநீதிக்கு எதிராகப் பொதுவெளியில் குரல் எழுப்புவது ஃபித்னா அல்லவா என்று நம்மில் சிலர் ஐயுறுகின்றனர். நபித்துவத்திற்கு முந்தைய மக்காவின் நிகழ்வொன்றை நாம் நினைவுகூர்வோம்.

யமன் நாட்டு வணிகர் ஒருவரிடம் சரக்கை வாங்கிய குறைஷிப் பிரமுகர் ஆஸ் இப்னு வாயில், விலையைத் தர மறுத்தார். துணைக்கு எவரும் வராததால் அவ்வணிகர் அபூ குபைஸ் மலைமீது ஏறி, ஊரறிய முறையிட்டார். அதன் விளைவாக அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் இல்லத்தில் சில குலத்தார் கூடினர். அநீதியிழைக்கப்பட்டவர் உள்ளூராராயினும் அயலாராயினும், அவரது உரிமை கிடைக்கும்வரை துணைநிற்பதாக உடன்படிக்கை செய்தனர். வணிகரின் பொருளும் மீட்கப்பட்டது. இதுவே ஹில்ஃபுல் ஃபுழூல்.

இளைஞராக அதில் பங்கேற்ற அண்ணல் நபி (ஸல்) அவர்கள், இஸ்லாம் வந்த பின்னரும் அத்தகைய உடன்படிக்கைக்கு அழைக்கப்பட்டால் இசைவேன் என்றார்கள். பிற்காலத்தில் மதீனாவின் ஆளுநர் வலீத் இப்னு உத்பாவுடன் எழுந்த சொத்துப் பிணக்கில், இதே உடன்படிக்கையின் பெயரால் மக்களை அழைப்பேன் என ஹுஸைன் (ரலி) அவர்கள் எச்சரித்தார்கள், ஆளுநர் இணங்கினார்.

ஆகவே, உரிமை கேட்டு எழும் குரலை ஃபித்னா என நாம் ஒதுக்கிவிட இயலாது. எனினும் ஒன்றை மறவாதிருப்போம்: அந்த வணிகருக்கு மக்காவில் உறவினர் எவருமில்லை. நம்மவருக்காக மட்டும் எழும் குரல், அந்த உடன்படிக்கையின் பாதியைக்கூட நிறைவேற்றாது.