இளந்தொழிலாளரும் பெயரேடும்

உரிமை என்பது சட்டப் புத்தகத்தில் பிறப்பதாயினும், அது உயிரோடு உலவுவது கணக்குப் புத்தகத்திலேயாம். எவனுடைய பெயர் செக்ரோலில் ஏறவில்லையோ, அவன் எவ்வளவு உழைத்தாலும் சட்டத்தின் கண்ணுக்குப் புலப்படான். பேராக் மாநிலத்துத் தோட்டங்களில் நம் பிள்ளைகள் வேலைக்குப் புகுந்த சரித்திரமே இதற்குத் தக்க சான்றாகும்.

இது தமிழருக்கு மட்டும் நேர்ந்த குறையன்று. இங்கிலாந்தில் 1833-ஆம் ஆண்டின் ஆலைச் சட்டம், 9 வயதுக்குட்பட்ட சிறாரைப் பெரும்பாலான நெசவாலைகளில் வேலைக்கு வைத்தலாகாது என விதித்தது. ஆனால் பிறப்பைப் பதிவு செய்யும் அரசாங்க ஏற்பாடு அந்நாட்டில் 1837-இல்தான் தொடங்கிற்று. அதுவரை ஒரு சிறுவனின் வயதை அவன் தோற்றத்தைக் கொண்டே மதிக்க வேண்டியிருந்தது. பதிவேடு இல்லாத இடத்தில் சட்டம் குருடே என்பதை ஆங்கிலேயரும் பட்டே அறிந்தனர்.

நிற்க. மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஆள் எடுக்கும் முறை 1910-இல் ஒழிந்தது. அதன்பின் கங்காணிகளின் வழியே பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களுக்குக் குடும்பங் குடும்பமாக மக்கள் வந்தனர். விடியுமுன் பெரட்டு. தகப்பன் பால் வெட்டுவான். பிள்ளை மங்கு துடைக்கும், ஒட்டுப்பால் பொறுக்கும். நிறுத்த பால் யாருடைய கணக்கில் ஏறும்? தகப்பன் பெயரிலேயே ஏறும். பிள்ளையின் வியர்வை அதில் கலந்து மறையும். அதற்கு வேலை என்று பெயரில்லை. ‘உதவி’ என்றே பெயர். உதவிக்குக் கூலி உண்டா, ஓய்வு உண்டா, காயம்பட்டால் நஷ்டஈடுதான் உண்டா? ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் நாட்கூலித் தரமாக இருந்த காலத்தில், பெயர் பதிந்து வேலை செய்த சிறாரின் கூலியும் அவ்விரண்டுக்கும் கீழேயே நின்றது.

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் உள்ள தோட்டத்தில் பள்ளிக்கூடம் வேண்டும் என்றது. நல்ல விதியே. ஆயினும் பல தோட்டங்களில் கங்காணியோ கிராணியோதான் உபாத்தியாயர். செக்ரோல் எழுதிய கையே அரிச்சுவடியும் கற்பித்தது! அப்பள்ளிகளில் சில வகுப்புகளோடு படிப்பு முடிய, பிள்ளைகள் மீண்டும் பால்மரத்தடிக்கே சென்றனர்.

யுத்தத்துக்குப்பின், 1947-இல், சிறாரும் இளைஞரும் வேலை செய்வது பற்றித் தனிச் சட்டமே பிறந்தது. 1966-ஆம் ஆண்டுச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. அதில் நம்மவர் பலர் அறியாத ஓர் அரிய விதி உண்டு. இளந்தொழிலாளி தானே வேலை ஒப்பந்தம் செய்யலாம், வழக்கும் தொடுக்கலாம், ஆனால் ஒப்பந்தத்தை மீறினான் என்று அவனிடம் நஷ்டஈடு வசூலித்தல் கூடாது. ‘இடையில் விலகினால் பணம் கட்டு’ என்று சிறுவனை மிரட்டும் முதலாளிக்கு இதைவிட வேறு விடை வேண்டுமோ?

சட்டம் இவ்வாறு காத்தபோதும், காகிதம் இல்லாமையே மீண்டும் வாலிபரை வீழ்த்திற்று. 1969 முதல், குடியுரிமை இல்லாதோர் வேலை செய்யப் பெர்மிட் பெறவேண்டும் என்றாயிற்று. இம்மண்ணிலேயே பிறந்து வளர்ந்தும், உரிய நேரத்தில் பதிந்துகொள்ளாத குற்றம் ஒன்றினால், சிவப்பு அடையாளக் கார்டோடு திகைத்து நின்ற தோட்டத் தமிழர் பலர்.

இன்று பால்மரம் பெரிதும் செம்பனைக்கு வழிவிட்டது. தோட்டத்துப் பிள்ளைகள் ஈப்போவின் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் செல்கின்றனர். ஆனால் ‘உதவி’ என்ற பழைய சொல் சாகவில்லை. ‘பழகுகிறான்’ என்று வேடம் மாறி வந்திருக்கிறது. பழகுகிறவனுக்குக் கடிதமில்லை, சம்பளச் சீட்டில்லை, சேமநிதியில்லை!

சட்டமோ முன்னேறியுள்ளது. 2019 முதல் 15 வயது நிரம்பி 18 நிரம்பாதவர் யாவரும் இளந்தொழிலாளர். அவர்கள் பொதுவாக நாளொன்றுக்கு 7 மணி நேரத்துக்கு மேல் உழைத்தலாகாது. தொடர்ந்து 4 மணி நேரம் உழைத்தால் அரைமணி ஓய்வு உண்டு. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலை ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் வேண்டும். 2023-இல் வந்த திருத்தமோ, எழுத்து இல்லாவிடினும், வேலை நேரத்தையும் வேலை முறையையும் ஒருவர் ஆட்டிப்படைப்பாராயின் உழைப்பவனைத் தொழிலாளி என்றே அனுமானிக்கச் சொல்கிறது. ‘பழகுகிறான்’ என்னும் சாக்கு இனிச் செல்லாது.

ஆதலின், பெற்றோர்களே, வாலிபர்களே! வேலைக்குப் போகும் முதல் நாளிலேயே நியமனக் கடிதம் கேளுங்கள். மாதந்தோறும் சம்பளச் சீட்டை வாங்கி வையுங்கள். சேமநிதியிலும் சொக்சோவிலும் பெயர் பதிந்துள்ளதா எனப் பாருங்கள். மறுத்தால் தொழிலாளர் இலாகாவின் கதவைத் தட்டுங்கள். இது நன்றிகெட்ட செயலன்று. பாட்டன் பெற்ற கூலியில் தகப்பனின் உழைப்பும், தகப்பன் பெற்ற கூலியில் நம் உழைப்பும் பெயரின்றிக் கரைந்தது போதும். நம் பிள்ளையின் உழைப்பு அவன் பெயரிலேயே எழுதப்படட்டும்.