லட்சுமி அம்மாள் ஒப்படைத்த பொன்

பாலக்காட்டுக் கல்பாத்தித் தேருக்கு ஊருக்கு வந்த என் மருமான், அமெரிக்காவில் தொடங்கியிருக்கும் ஒரு கணக்கைப் பற்றித் திண்ணையில் உட்கார்ந்து சொன்னான்.

"மாமா, இது தர்மத்துக்குன்னே ஒரு கணக்கு. டோனர் அட்வைஸ்டு ஃபண்டுன்னு பேர். பணத்தை இப்பவே போட்டுடலாம், வரிவிலக்கும் இப்பவே கிடைச்சுடும். யாருக்குக் கொடுக்கணும்னு அப்புறமா யோசிச்சுச் சொன்னாப் போறும். நம்ம ஊர்ல இப்படி ஒண்ணு உண்டோ?"

முப்பத்து நாலு வருஷம் வங்கியில் பேரேடு பார்த்தவன் நான். ஓய்வு பெற்றபின் எங்கள் கிராம சமூகத்தின் வரவுசெலவைப் பார்க்கிறேன். அவனுக்குப் பதில் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தேன். "வா, காட்டறேன்" என்று விசுவநாதசுவாமி கோயிலுக்கு அழைத்துப் போனேன்.

கல்பாத்திப் புழையின் தென்கரையில், தெருவிலிருந்து படியிறங்கிப் போகவேண்டிய கோயில் அது. பள்ளத்தில் இருப்பதால் குண்டுக்கோயில் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். கோயிலின் வரலாறு கொல்லம் ஆண்டு 600-இல், அதாவது 1425-இல் தொடங்குகிறது. கணவனை இழந்த லட்சுமி அம்மாள் என்ற பிராமணப் பெண் காசிக்குப் போய் ஒரு பாணலிங்கத்தைக் கொண்டுவந்தார். கையிலிருந்த 1320 பொற்காசுகளைப் பாலக்காட்டு அரசர் இட்டிக்கோம்பி அச்சனிடம் கொடுத்து, கோயில் கட்டித் தரும்படி கேட்டுக்கொண்டார். அரசர் கட்டினார். கோயில் நடக்கச் சொத்துகளையும் ஒதுக்கினார். கொடிமரத்தின் முன்னே உள்ள கல்வெட்டு அந்தச் சொத்துகளின் விவரத்தைச் சொல்கிறது.

கணக்குப் பார்க்கிறவன் கண்ணுக்கு இதில் மூன்று பேர் தெரிகிறார்கள். கொடுத்தவர் ஒருவர், பொறுப்பேற்றவர் ஒருவர், பலன் பெறுகிற ஊர். பொன் கை மாறியபின் லட்சுமி அம்மாளுக்கு அதில் உரிமை இல்லை. ஆனால் அது எதற்கு என்பது அவர் சொன்ன சொல். மருமானின் கணக்கிலும் இதே ஏற்பாடுதான். பணத்தைப் போட்டவுடன் அது ஒரு தர்ம ஸ்தாபனத்துக்குச் சொந்தம். போட்டவர் யோசனை சொல்லலாம், ஆணையிட முடியாது. அமெரிக்காவில் இதன் முதல் வடிவம் நியூயார்க் கம்யூனிட்டி டிரஸ்டில் 1931-இல் தொடங்கியது. அதற்குச் சட்டத்தில் விளக்கம் எழுதியது 2006-இல்தான்.

நம் பக்கத்தில் இந்த வழக்கம் கல்பாத்திக்கும் மூத்தது. சோழர் காலத்தில் கோயிலுக்கு நந்தா விளக்கு வைக்க நினைத்தவர் எண்ணெய் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகவில்லை, ஆடு கொடுத்தார். பெரும்பாலும் 90 ஆடு, அல்லது 96. அவற்றை இடையர் ஏற்றுக்கொண்டு நாளுக்கு உழக்கு நெய் அளப்பார்கள். கிழடானதும் செத்ததும் போக, குட்டிகளால் மந்தையின் தொகை குறையாமல் காக்கவேண்டியது அவர்கள் பொறுப்பு. அதனால் கல்வெட்டுகள் அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்கின்றன. முதலைத் தொடாதே, பலனைச் செலவிடு என்ற வங்கிப் பாடத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொன்னவரை நான் பார்த்ததில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் காசுகள் ஊர்ச் சபைகளிடம் வட்டிக்கு ஒப்படைக்கப்பட்டன. காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, நூற்றுக்குப் பன்னிரண்டரை வட்டி. எந்த வட்டியில் எந்தச் செலவு நடக்கவேண்டும் என்பதும் கல்லிலேயே இருக்கிறது.

தமிழ் நாட்டிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்து குடியேறியவர்கள் இந்தப் பழக்கத்தையும் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு அக்ரகாரத்திலும் சமூகம் என்ற பொது அமைப்பு உண்டு. கோயில் பூஜை, சாஸ்தா ப்ரீதி, அன்னதானம் எல்லாம் அதன் தலையில். ஒரு சேவைக்கென்று முதல் கொடுத்து வைப்பதற்குக் கட்டளை என்று பேர். எங்கள் சமூகத்தின் பழைய பேரேட்டில் கட்டளைக்காரர் பெயர், முதல், வட்டி, செலவு என்று நாலு பத்தி இருக்கும். ஆடி வெள்ளிக்குப் பாயசம் என்று ஒரு வரி, திருவாதிரைக்குக் களி என்று ஒரு வரி. வட்டியில் மிஞ்சிய இரண்டணாவைக்கூட அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அறையிலிருக்கும் அண்டாவையும் உருளியையும் கவிழ்த்தால் விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். பெயருக்குப் பின்னால் 'உபயம்'.

நிலமும் கட்டளையாக வந்தது. பாட்டமாக, அதாவது குத்தகையாக, வந்த நெல்லில் பூஜையும் அன்னதானமும் நடந்தன. 1970 ஜனவரி 1 முதல் கேரளத்தில் நிலச்சீர்திருத்தம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. உழுதவருக்கு நிலம் சேர்ந்தது, அது நியாயம். பாட்டம் நின்றபின் கட்டளைகள் தள்ளாடின. நெல்லாக வந்தவரை விலைவாசி ஏறினால் வருமானமும் கூடவே ஏறும். ரொக்கமாகப் போட்டு வைத்த முதலுக்கு அந்த பலம் கிடையாது.

அது எங்கள் வீட்டிலேயே நடந்தது. 1958-இல் என் பாட்டி தன் இரட்டை வடச் சங்கிலியை விற்று ஒரு கோயிலில் 501 ரூபாய் கட்டினாள். ஏகாதசிதோறும் ஒரு விளக்கு எரியவேண்டும் என்பது அவள் ஆசை. ரசீதை மஞ்சள் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாள். பல வருஷம் கழித்து நான் அந்த ரசீதோடு போய்க் கேட்டபோது பேரேட்டில் அப்படி ஒரு வரி இல்லை. பணம் பொதுக் கணக்கில் கலந்து போயிருந்தது, யாரும் திருடவில்லை. கலக்காமலே இருந்திருந்தாலும் இன்றைக்கு அதன் வட்டி வருஷத்துக்கு முப்பது ரூபாய்ச் சொச்சம். கால் லிட்டர் நல்லெண்ணெய்க்குக் காணாது. முதல் கரைந்ததைவிட அவள் சொன்ன சொல் தொலைந்துபோனதுதான் எனக்குத் தாளவில்லை.

அந்தச் சொல்லைக் காப்பாற்றத்தான் சட்டங்கள் வந்தன. 1890-ஆம் ஆண்டின் இந்திய அறக்கொடைச் சட்டத்தில், அரசு நியமிக்கும் அறக்கொடைப் பொருளாளர் பெயரில் முதல் இருக்கும். வட்டி, ஏற்பாட்டில் குறித்த நிர்வாகிகள் கைக்குப் போகும். காவல் ஒருவரிடம், செலவு வேறொருவரிடம். மலபார் சென்னை மாநிலத்தோடு இருந்த நாளில் வந்த 1951-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டம், குறிப்பிட்ட ஒரு சேவைக்கென்று எழுதிவைத்ததைத் தனிக் கட்டளையாகவே அங்கீகரித்தது. இன்றைய வருமான வரிச் சட்டத்திலும், நன்கொடையை மூலதனமாக வைக்கவேண்டும் என்று கொடுப்பவர் குறிப்பிட்டுச் சொன்னால்தான் அது மூலதனம். ஒரு வரிக் கடிதத்துக்கு அவ்வளவு மதிப்பு.

படியேறி வரும்போது மருமானிடம் ஒன்று கேட்டேன். "அந்தக் கணக்கிலேர்ந்து இத்தனை வருஷத்துக்குள்ளே கொடுத்தாகணும்னு கட்டாயம் உண்டோ?" இல்லை என்றான். தனியார் அறக்கட்டளைகள் தங்கள் சொத்தில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து பங்காவது செலவிடவேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் சொல்கிறது. இந்தக் கணக்குகளுக்கு அப்படிக் கெடு இல்லை. வரிவிலக்கு இன்றைக்கே வந்துவிடும், சோறு என்றைக்கும் வராமலே போகலாம். ஆட்டைக் கொடுத்தவர் அன்று மாலையே விளக்கைப் பார்த்தார். பெட்டிக்குள் தூங்குகிற தர்மத்தை நம் முன்னோர் தர்மம் என்று எண்ணியிருக்க மாட்டார்கள்.

ஊருக்குத் திரும்புமுன் மருமான் தன் கணக்கிலிருந்து ஒரு பள்ளியின் மதிய உணவுக்குக் கொடுக்கும்படி எழுதி அனுப்பினான். நான் பாட்டியின் கட்டளையைப் புதுப்பித்துக் கட்டினேன். இந்த முறை கடிதத்தில், வட்டி போதாமல் போனால் விளக்குக்குப் பதிலாக அதே நாளில் ஒருவருக்காவது சோறு போடலாம் என்று சேர்த்திருக்கிறேன். வருஷாவருஷம் கணக்கைச் சுவரில் ஒட்டவேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன்.

உங்கள் வீட்டு அரிசிப் பானையிலோ டிரங்குப் பெட்டியிலோ இப்படி ஒரு ரசீது இருந்தால் எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். புதிதாகக் கொடுக்கிறவர்கள் எதற்கு, எப்போதைக்குள், யார் கணக்குக் காட்டவேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். லட்சுமி அம்மாளின் 1320 பொன்னில் ஒரு காசுகூட இன்று இல்லை. அவர் சொன்ன காரியம் அறுநூறு வருஷம் ஆகியும் நடக்கிறது.