எல்லை கடந்த செய்தி: பாலைவன வெட்டுக்கிளிக் கட்டுப்பாட்டு ஆணையத்தின் அறுபதாண்டுகள்

நம் ஆணையம் பிறந்தது 1964 டிசம்பரில். ஆனால் அதன் வேர் 1930-களில் இருக்கிறது. கோவையில் பூச்சியியல் அறிஞராகப் பணியாற்றிய ராவ் பகதூர் ஒய். ராமச்சந்திர ராவ் அந்த ஆண்டுகளில் பலுசிஸ்தானக் கடற்கரையிலும் சிந்து, ராஜபுதன மணற்பரப்புகளிலும் வெட்டுக்கிளியைத் தேடி அலைந்தார். அவர் கண்டறிந்தது இது: குளிர்கால மழையை நம்பி ஈரான், பலுசிஸ்தானப் பகுதிகளில் பெருகும் கூட்டம், பருவமழை தொடங்கியதும் கிழக்கே தார் பாலைக்கு வந்து மீண்டும் முட்டையிடுகிறது. அப்படியென்றால் ஜோத்பூர் உழவனின் கம்பு பிழைப்பது ஈரானிலிருந்து வரும் செய்தியைப் பொறுத்தது. நம் ஆணையத்துக்கான நியாயம் முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கும்.

அன்று அச்செய்திகளைத் திரட்டியவர் லண்டனில் இருந்த போரிஸ் உவராவ். தனித்துத் திரியும் பூச்சியும் கூட்டமாய்ப் பறக்கும் பூச்சியும் ஒரே இனம்தான் என்று 1921-இல் நிறுவியவர் அவர். ஒரே பேரரசின் ஆட்சி பரந்திருந்தவரை அறிக்கை கேட்டு வாங்குவது எளிதாகவே இருந்தது. 1939-இல் வெட்டுக்கிளி எச்சரிக்கை அமைப்பு டெல்லியைத் தலைமையிடமாகவும் கராச்சியைத் துணை நிலையமாகவும் கொண்டு தொடங்கியது. 1947-இல் நாடு பிரிந்தது. கராச்சி நிலையம் எல்லைக்கு அப்பால் போயிற்று.

இந்தப் பிரிவைத் தாண்டி 1964-இல் ஆப்கானிஸ்தான், இந்தியா, ஈரான், பாகிஸ்தான் ஆகிய நான்கு நாடுகளும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் குடையின்கீழ் ஆணையமாகக் கூடின. அவ்வமைப்பின் மூன்று வெட்டுக்கிளி ஆணையங்களில் மூத்தது நம்முடையதே. அடுத்த ஆண்டே இந்திய–பாகிஸ்தான் போர். இரு நாடுகளையும் இணைத்த முனாபாவ்–கோக்ராபார் ரயில் பாதை அறுந்தது. 1971-இல் மீண்டும் போர். எல்லையோரத்தில் எந்த மேட்டில் யார் நடமாடினார் என்பதே படைத்துறை விஷயமாகிவிட்ட அந்தக் காலத்திலும் ஆணையம் கலையவில்லை. பூச்சி இருக்கிறது என்று அண்டை நாட்டிடம் ஒப்புக்கொள்ள எந்த அரசும் முதலில் தயங்கும். அந்தத் தயக்கத்தை நம் முன்னோடிகள் பொறுமையாகக் கரைத்தார்கள். வெட்டுக்கிளி இல்லை என்பதும் ஒரு செய்தியே என்பதால் வெறுமை அறிக்கையையும் தவறாமல் அனுப்பும் பழக்கம் வேரூன்றியது.

1978-இல் உவராவ் பணியாற்றிய லண்டன் மையத்தின் முன்னறிவிப்புப் பணி உணவு வேளாண் அமைப்பின் தலைமையகம் உள்ள ரோமுக்கு மாறியது. தொண்ணூறுகளின் நடுவில் ஈரானும் பாகிஸ்தானும் வசந்தகாலக் கூட்டு ஆய்வைத் தொடங்கின. இந்திய, பாகிஸ்தான் அலுவலர்கள் ஜூன் முதல் நவம்பர் வரையிலான பருவத்தில் முனாபாவிலும் கோக்ராபாரிலும் சந்தித்தார்கள். ஜோத்பூருக்கும் கராச்சிக்கும் இடையே வானொலித் தொடர்பு இருந்தது. தூதரகங்கள் முகம் திருப்பிக்கொண்ட மாதங்களிலும் மேசையின் இருபுறமும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை இங்கே பெருமையுடன் பதிவு செய்கிறோம்.

பெரும் சோதனை 2018-இல் உருவெடுத்தது. மெகுனு, லுபான் புயல்கள் அரபுப் பாலைவனத்தின் உட்பகுதியை நனைத்தன. ஆளில்லாத அந்த மணலில் பெருகிய வெட்டுக்கிளிகள் ஏமன், ஈரான் வழியாக 2019-இல் தார் பாலையை எட்டின. ஒரு சதுர கிலோமீட்டர் கூட்டத்தில் 4 கோடி முதல் 8 கோடி பூச்சிகள் வரை இருக்கும். காற்று துணை நின்றால் நாளொன்றுக்கு 150 கிலோமீட்டர் வரை கடக்கும். 2020 தொடக்கத்தில் பாகிஸ்தான் தேசிய நெருக்கடியை அறிவித்தது. மே மாதம் கூட்டம் ஜெய்ப்பூர் வீடுகளின் மேல் பறந்தது. கொரோனாவால் எல்லைகள் அடைபட்டுக் கிடந்தபோது நான்கு நாட்டுத் தொழில்நுட்ப அலுவலர்களும் வாரந்தோறும் காணொலியில் கூடி, எங்கே முட்டை, எங்கே குஞ்சு, காற்று எந்தப் பக்கம் என்று சொல்லிக்கொண்டார்கள். அந்தப் பருவத்திலேயே இந்தியாவில் தயாரான மலத்தியான் மருந்து ஈரானுக்குச் சென்றது.