பாறையின் சூடும் திராட்சையின் சாறும்

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சித்தன்னவாசலுக்குச் சென்று வந்தவர்கள் அதன் ஓவியங்களைப் பற்றித்தான் பேசுவார்கள். இயற்பியல் ஆசிரியனான என் நினைவில் நிற்பது வேறொன்று. ஒரு சித்திரை மாத மாலையில் மாணவர்களுடன் குன்றிலிருந்து இறங்கிக் கொண்டிருந்தேன். கதிரவன் மறைந்து, காற்றும் சற்றுக் குளிர்ந்துவிட்டது. காலடிப் பாறை மட்டும் இன்னும் சுட்டது. "பகலில் வாங்கிய கடனைப் பாறை இப்போது திருப்பித் தருகிறது, சார்" என்றான் ஒரு மாணவன்.

அவன் சொன்னது சரியே. ஒரு கிலோகிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் வெப்பம் வேண்டும்; அதே அளவு கருங்கல்லுக்கு ஏறத்தாழ 0.8 கிலோஜூல் போதும். ஆகவே ஈரக் களிமண் மெதுவாகச் சூடேறும். உலர்ந்த கல்நிலம் விரைவில் சூடேறும். இந்த எளிய உண்மைக்கும் பிரான்சு நாட்டின் புகழ்பெற்ற சிவப்பு ஒயினுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. மதுவைப் புகழ்வது நம் நோக்கமன்று. மண்ணும் தட்பவெப்பமும் ஒரு கனியின் தன்மையை எப்படி உருவாக்குகின்றன என்பதையே இங்குக் காண்போம்.

யவனர் கொணர்ந்தது

சித்தன்னவாசலின் ஏழடிப்பட்டத்தில் சமணத் துறவியர் கற்படுக்கையில் நோன்பிருந்தனர். அங்குள்ள தமிழி எழுத்துக்கள் சுமார் 2,000 ஆண்டுப் பழைமை உடையவை. ஏறத்தாழ அக்காலத்தில்தான் ரோமானிய வணிகம் தமிழகக் கடற்கரையில் செழித்தது. யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த மதுவைப் புறநானூற்றின் 56-ஆம் பாடல் குறிப்பிடுகிறது. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டை அகழ்ந்தபோது, மது கொண்டுவரப்பட்ட இருபிடிச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. புதுக்கோட்டைப் பகுதியின் கருக்காக்குறிச்சியில் 1898-இல் ரோமானியப் பொற்காசுப் புதையலே கிடைத்தது.

நம் நாட்டில் கள்ளுக்கும் தேறலுக்கும் பஞ்சமில்லை. அப்படியிருக்க, திராட்சை மது ஏன் கடல் கடந்து வர வேண்டும்? திராட்சை குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கிப் பழகிய கொடி. அதன் இயல்பான தாயகம் மிதவெப்ப நாடுகளே.

துறவியர் அறிந்த சரிவு

பிரான்சின் பர்கண்டிப் பகுதி ஏறத்தாழ 47 டிகிரி வடக்கு அட்சரேகையில் உள்ளது. அங்கும் நிலத்தை நுணுகி அறிந்தவர்கள் துறவியரே. 1098-இல் சித்தோ என்னுமிடத்தில் மடம் அமைத்த கிறித்தவத் துறவியர் திராட்சைத் தோட்டங்களை வளர்த்தனர். எந்தத் துண்டு நிலத்தின் பழம் எப்படி என்று தலைமுறை தலைமுறையாகக் கண்டறிந்தனர். இப்படிப் பிரித்தறியப்பட்ட சிறு நிலங்களை 2015-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

அச்சரிவு கிழக்கு நோக்கியது; காலை வெயில் நேராக விழும். அடியில் சுண்ணாம்புக்கல். உச்சியில் மண் மிக மெல்லியது. அடிவாரத்தில் ஆழமான ஈரக் களிமண். நடுச்சரிவில்தான் மண்ணும் கல்லும் அளவாகக் கலந்து, நீர் தேங்காமல் வடிகிறது. மிகச் சிறந்த தோட்டங்கள் பெரும்பாலும் அங்கேயே உள்ளன.

காரணம் என்ன? கறுப்புத் திராட்சையின் சாறு பெரும்பாலும் நிறமற்றது. சிவப்பு நிறம் தோலிலிருந்து வருகிறது. நீர் அளவோடு கிடைத்தால் பழம் சிறுக்கும்; சாற்றுக்குத் தோலின் விகிதம் கூடும்; நிறம் செறியும். பகல் வெயில் இலையில் சர்க்கரையை உண்டாக்கும். குளிர்ந்த இரவு பழத்தின் புளிப்பைக் காக்கும். வெப்பம் மிகுந்தால் பழம் தன் சுவாசத்திலேயே அந்த அமிலத்தைச் செலவழித்துவிடும்.

உறங்காத கொடி

நம் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் கொடிக்கு உறக்கமே இல்லை. அங்கு விவசாயி கவாத்து செய்வதுதான் கொடிக்குக் குளிர்காலம்! கவாத்து நாளை மாற்றினால் அறுவடையும் மாறும். ஆண்டு முழுவதும் பழம் கிடைக்கும். முல்லைப் பெரியாறு அணை 1895-இல் திறக்கப்பட்டபின் அப்பள்ளத்தாக்கிற்கு நீர் உறுதிப்பட்டது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதுவும் மண்ணுக்குக் கிடைத்த சான்றிதழே அல்லவா?

கணக்கேடு சொல்லும் செய்தி

பர்கண்டியின் போன் நகரில் தேவாலயக் கணக்குகளும் நகரமன்றப் பதிவுகளும் திராட்சை அறுவடை தொடங்கிய நாளைக் காட்டுகின்றன. 1354 முதல் 2018 வரையிலான நாட்களை ஆய்வாளர்கள் தொகுத்து 2019-இல் வெளியிட்டனர். 1987 வரை சராசரியாகச் செப்டம்பர் 28-இல் அறுவடை தொடங்கியது. 1988 முதல் அது சுமார் 13 நாட்கள் முந்திவிட்டது! பூமி சூடேறுவதைத் திராட்சைக் கொடியே சாட்சி சொல்கிறது. துறவியர் தேர்ந்த நடுச்சரிவு இனியும் சிறந்ததாக நீடிக்குமா என்பதே இன்று அந்நாட்டு உழவரின் கவலை.

பழம் பறித்தவர்களுக்குக் கூலி கொடுத்துக் கணக்கெழுதியவர், தாம் அறிவியல் செய்வதாக நினைத்திருக்க மாட்டார். நாள் தவறாமல் எழுதினார், அவ்வளவே. நம் ஊரில் வேம்பு பூத்த நாளையும், முதல் மாம்பூ கண்ட நாளையும், கிணற்று நீர்மட்டத்தையும் இப்படி எழுதி வைக்கிறவர்கள் எத்தனை பேர்? மாணவர்களே, ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் போதும். சித்தன்னவாசலில் கல்லில் எழுதியது 2,000 ஆண்டுகள் நின்றது. நீங்கள் தாளில் எழுதுவது 50 ஆண்டுகள் நின்றாலும் நாட்டுக்குப் பயன்படும்.