தண்டவாளமும் நம் குடியிருப்பும்

ஊரிலிருந்து புதிதாக வரும் உறவினர் நம் இல்லத்திற்கு வழி கேட்டால், நாம் தெருவின் பெயரை முதலில் கூறுவதில்லை. எந்த ஸ்டேஷன், அதற்குக் கிழக்கா மேற்கா என்பதையே கூறுகிறோம். மாதுங்காவிலும் செம்பூரிலும் முலுண்டிலும் டோம்பிவிலியிலும் தமிழர் குடியேறிய வரலாறு, ஒருவகையில் இந்நகரத்து ரயில் பாதையின் வரலாறே எனலாம். ஆண்டு விழாக் காணும் இந்நன்னாளில் அவ்வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

1853 ஏப்ரல் 16 அன்று, சுமார் 400 விருந்தினரை ஏற்றிய 14 பெட்டிகளை மூன்று எஞ்சின்கள் இழுக்க, பாரதத்தின் முதற் பயணி ரயில் பம்பாய் போரிபந்தரிலிருந்து தானாவுக்குப் புறப்பட்டது. தூரம் 21 மைல். தக்காணத்துப் பஞ்சைத் துறைமுகத்திற்குக் கொணர்வது அப்பாதையை இட்டோரின் முக்கிய நோக்கங்களுள் ஒன்று. 1867-இல் மேற்குப் பக்கத்திலும், விராரிலிருந்து பாக்பே வரை நாளொன்றுக்கு ஒரு வண்டி ஓடலாயிற்று. இரு பாதைகளும் வடக்கிலிருந்து தெற்கே துறைமுகப் பக்கம் நோக்கியே சென்றன. பஞ்சு மூட்டைக்கு அது போதும், மனிதனுக்குப் போதுமா? அக்கேள்வி பிற்காலத்தில் எழுந்தது.

நகரினுள்ளே 1874 மே 9 அன்று குதிரை டிராம் ஓடத் தொடங்கியது. 1907-இல் குதிரைக்குப் பதிலாக மின்சாரம் வந்தது. 1926 ஜூலை 15-இல் ஆப்கான் சர்ச்சிலிருந்து கிராபோர்டு மார்க்கெட்டுக்கு முதல் பஸ் புறப்பட்டது. 1964 மார்ச் 31 இரவு, கடைசி டிராம் போரிபந்தரிலிருந்து தாதர் வரை ஓடி ஓய்ந்தது. ‘தாதர் டி.டி.’ என்று இன்றும் நாம் வழங்கும் பெயரிலுள்ள ஈரெழுத்துகள் அந்த டிராம் முனையத்தையே குறிப்பவை என்பதை நம் சிறுவர்கள் அறிய வேண்டும்.

1896-இல் பரவிய பிளேக் நோய்க்குப்பின், நெரிசலைக் குறைக்க 1898-இல் அமைக்கப்பட்ட நகர மேம்பாட்டு டிரஸ்ட், தாதர், மாதுங்கா பகுதிகளைத் திட்டமிட்டு உருவாக்கிற்று. 1925 பிப்ரவரி 3-இல் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு நாட்டின் முதல் மின்சார ரயிலும் ஓடிற்று. தட்டச்சும் சுருக்கெழுத்தும் பயின்று வந்த நம் முன்னோர், கோட்டைப் பகுதியில் வேலை, மாதுங்காவில் வீடு என வாழ்வை அமைத்துக்கொள்ள முடிந்தது இவற்றாலன்றோ!

ஆயின் ரயில் விரையுந்தோறும் வீடு விலகிச் சென்றது. மாதுங்காவில் வாடகை ஏறவே, அடுத்த தலைமுறை முலுண்டுக்கும் டோம்பிவிலிக்கும் சென்றது. 1992-இல் மான்குர்டிலிருந்து கழிமுகத்தைக் கடந்து வாஷிக்கு ரயில் சென்றபின், நவிமும்பையிலும் நம்மவர் குடியேறினர். பெட்டிகள் பெருகின, கூட்டம் அதனினும் பெருகிற்று. இந்நகரத்து ரயில் பாதைகளில் 2023-இலும் 2024-இலும் ஆண்டுக்கு 2,000-க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2025 ஜூன் 9-இல் மும்ப்ரா அருகே, படியில் தொங்கிச் சென்றோர் விழுந்து மாண்ட செய்தி கேட்டு நடுங்காத தாயார் நம் காலனியில் உண்டோ?

நன்மைகளும் வாராமலில்லை. 1992 மே 5-இல் மேற்குப் பாதையில் மகளிர்க்கென்றே தனி ரயில் விடப்பட்டது. 2014 ஜூன் 8-இல் வெர்சோவாவிலிருந்து அந்தேரி வழியே காட்கோபருக்கு 11.4 கிலோமீட்டர் மெட்ரோ பாதை திறக்கப்பட்டு, அந்தேரிக்கும் காட்கோபருக்கும் இடையே குறுக்குவழி கிட்டியது. முதல் ரயில் ஓடி 161 ஆண்டுகள் கழிந்தே இது நேர்ந்தது. 2025 அக்டோபரில் 33.5 கிலோமீட்டர் நிலத்தடிப் பாதை முழுதும் திறக்கப்பட்டது. அன்று குதிரை டிராம் சென்ற காளபாதேவிக்கு இன்று பூமிக்கடியில் ரயில் செல்கிறது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? நீண்ட பாதை ஒன்றே போதாது. ஸ்டேஷனிலிருந்து வீட்டுவாசல் வரை குறைந்த கட்டணத்தில் பஸ் வேண்டும். குறுக்குப் பாதைகள் பெருக வேண்டும். 2017 டிசம்பரில் குளிர்சாதன ரயிலுடன் வந்த தானியங்கிக் கதவு, எளியோர் ஏறும் சாதாரண வண்டிக்கும் வேண்டும். ஒருவர் பொருளீட்டப் புறப்படுவது போலவே, பொழுதோடு உயிரோடு வீடு திரும்புவதும் அவருடைய உரிமையாகும்.

பஞ்சுக்காக இட்ட பாதையில் நம் முன்னோர் வாழ்வை நெய்தனர். அப்பாதையை மனிதனுக்கேற்ற பாதையாக்குமாறு கேட்டுப் பெறுதல் நம் கடமை. விளக்கேற்றும் வேளையில் ஒவ்வோர் இல்லத்திலும் அனைவரும் கூடியிருக்கும் நாள் வருக!